நூறு டாலரில் மூணு சென்ட்: ஒரு சிஇஓ சம்பளமும் வான்கூவர் வாக்கெடுப்பும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "பஸ்ஸும் ரயிலும் ஓட்டுற அரசு அமைப்பு எப்பப் பார்த்தாலும் நஷ்டம்னு சொல்லுது, ஆனா அதோட தலைவருக்கு மட்டும் எப்படி இவ்வளவு சம்பளம்?" நியாயமான கேள்விதான். பொதுவாப் பேசினா வாதம் எங்கேயும் போய் நிக்காது. அதனால ஒரு நகரத்தை மட்டும் எடுத்துக்கலாம்: கனடாவோட வான்கூவர், 2015.

வான்கூவர்லயும் அதைச் சுத்தியிருக்கிற நகரங்கள்லயும் பஸ், ஸ்கைட்ரெயின், படகு எல்லாத்தையும் நடத்துறது டிரான்ஸ்லிங்க். 2015-ல இந்த ஊர்களோட மேயர்கள் சேர்ந்து மக்கள்கிட்ட ஒரு கேள்வி வெச்சாங்க: "விற்பனை வரியை 0.5 சதவீதம் ஏத்துறோம், சம்மதமா?" அந்தப் பணத்துல பிராட்வே சாலைக்குக் கீழே சுரங்க ரயில், சர்ரே நகரத்துக்கு ரயில், பழைய பட்டுல்லோ பாலத்துக்குப் பதிலா புதுசு, கூடுதலா 400 பஸ். பத்து வருஷத்துக்கு 750 கோடி டாலர் திட்டம். வரியில வருஷத்துக்கு சுமார் 25 கோடி கிடைக்கும், ஒரு வீட்டுக்கு வருஷம் 125 டாலர் போல ஆகும்னு மேயர்கள் கணக்குச் சொன்னாங்க. மார்ச் 16-லேர்ந்து மே 29 வரைக்கும் தபால் ஓட்டு.

எதிர்த்துப் பிரச்சாரம் பண்ணினது கனடா வரி செலுத்துவோர் கூட்டமைப்பு. சுரங்க ரயில் வேணுமா வேண்டாமாங்கிற விவாதத்துக்குள்ள அவங்க பெருசாப் போகவே இல்லை. "இவங்க கையில பணத்தைக் கொடுக்கலாமா?"ன்னு மட்டும் கேட்டாங்க. கையில கிடைச்ச ஆயுதம், டிரான்ஸ்லிங்க் சிஇஓ இயன் ஜார்விஸ் 2013-ல வாங்கின தொகை: போனஸ் உட்பட சுமார் 4,68,000 டாலர்.

இப்ப கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரான்ஸ்லிங்கோட ஒரு வருஷச் செலவு அப்ப சுமார் 140 கோடி டாலர். அதுல 4,68,000-ங்கிறது நூறு டாலருக்கு மூணு சென்ட். சிஇஓவுக்குச் சம்பளமே கொடுக்காம மிச்சம் பிடிச்சாலும், அந்த வரியில ஒரே வருஷத்துல வர்ற 25 கோடியைச் சேர்க்க 530 வருஷத்துக்கு மேல ஆகும். ஆக, கணக்குப்படி இது ஒரு பிரச்சினையே இல்லை.

ஆனா 750 கோடி எவ்வளவுன்னு உங்களுக்கோ எனக்கோ மனசுல படமா வருதா? வராது. 4,68,000 வரும், ஏன்னா அதை நம்ம சம்பளத்தோட பக்கத்துல வெச்சுப் பார்க்க முடியும். ஒரு பெரிய அமைப்போட பட்ஜெட்ல சாதாரண ஆளுக்குச் சட்டுன்னு புரியுற ஒரே வரி அந்தச் சம்பளம்தான். புரியுற வரியை வெச்சுத்தான் புரியாத மீதியையும் எடை போடுவோம். இதை முட்டாள்தனம்னு சொல்ல நான் தயாரா இல்லை.

அதுவும் அந்தச் சமயத்துல டிரான்ஸ்லிங்க் மேல ஏற்கெனவே ஏகப்பட்ட கடுப்பு. 2014 ஜூலையில ஒரே வாரத்துக்குள்ள ஸ்கைட்ரெயின் ரெண்டு தடவை மொத்தமா நின்னுபோச்சு. உள்ளே மாட்டினவங்க கதவைத் தள்ளித் திறந்து, உயரத்துல இருக்கிற தண்டவாளத்துல நடந்து வந்தாங்க. ரெண்டாவது தடவைக்குக் காரணம், ஒரு எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும்போது பிரேக்கர் டிரிப் ஆனது. ஒரு பிரேக்கர்! இன்னொரு பக்கம் காம்பஸ் கார்டு. ஸ்டேஷன் கேட்டெல்லாம் வெச்சாச்சு, ஆனா மூடலை, திறந்தே கிடக்குது. தினமும் அந்தக் கேட் வழியாப் போற ஆளுக்கு அதைவிடப் பெரிய விளம்பரப் பலகை வேணுமா?

இதுக்கு நடுவுல, ஓட்டுச் சீட்டு வீட்டுக்கு வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி, பிப்ரவரியில, இயக்குநர் குழு ஜார்விஸை சிஇஓ பதவியிலேர்ந்து இறக்குச்சு. மக்கள் நம்பிக்கையைத் திரும்பப் பெறத்தான் இந்த மாற்றம்னு சொன்னாங்க. சரி. ஆனா அவர் ஆலோசகரா தொடர்ந்தார், ஒப்பந்தப்படி சம்பளமும் தொடர்ந்தது. இடைக்கால சிஇஓவா வந்த டக் ஆலனுக்கு மாசம் 35,000 டாலர். ஒரே நாற்காலிக்கு ரெண்டு சம்பளம்! எதிர்த்தரப்புக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

முடிவு ஜூலை 2-ம் தேதி வந்தது. சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வான்கூவர் நகரமே நூலிழையில வேண்டாம் பக்கம் போச்சு.

நேயர் கேட்ட கேள்விக்கு இப்ப வர்றேன். இவ்வளவு சம்பளம் எப்படி வருது? பெரும்பாலும் ஒப்பீட்டுல. இயக்குநர் குழு ஒரு ஆலோசனை நிறுவனத்தைக் கூப்பிட்டு, இதே அளவு அமைப்புகள்ல என்ன கொடுக்கிறாங்கன்னு பட்டியல் கேட்கும். பட்டியல்ல தனியார் கம்பெனிகளும் சேர்ந்தா அளவுகோலே மேலே போயிடும். எந்தக் குழுவும் "எங்க ஆள் சராசரிக்குக் கீழே"ன்னு சொல்ல விரும்பாது, அதனால சராசரிக்குக் கொஞ்சம் மேலே வைப்பாங்க. அடுத்த ஊர்க்காரங்க பட்டியல் எடுக்கும்போது சராசரியே ஏறியிருக்கும். யாரும் திருடலை, ஆனா எண் ஏறிக்கிட்டே இருக்கும். டிரான்ஸ்லிங்க்ல இன்னொரு சிக்கல்: 2008-லேர்ந்து அதை நடத்தினது தேர்தல்ல ஜெயிக்காத, நியமிக்கப்பட்ட குழு. கோபம் வந்தா யாரைத் தோற்கடிக்கிறது? கையில இருந்த ஒரே ஓட்டு அந்த வரி ஓட்டு.

இதோட மறுபக்கமும் உண்டு. ஆயிரக்கணக்கான ஊழியர்கள், ஓட்டுநர் இல்லாத ரயில், பல நகரங்களோட அரசியல், இதையெல்லாம் சமாளிக்கிற ஆளுக்குக் குறைச்சுக் கொடுத்தா வேற ஊர் தூக்கிட்டுப் போயிடும். லண்டன் 2023-ல தன் போக்குவரத்து ஆணையருக்கு வெச்ச அடிப்படைச் சம்பளம் 3,95,000 பவுண்டு. எனக்கு சம்பள அளவைவிட, தோத்த பிறகும் தொடர்கிற சம்பளமும், எதுக்குன்னு வெளியே விளக்க முடியாத போனஸும்தான் உறுத்துது.

2016-ல சியாட்டில் பக்கத்துல கிங் கவுண்டி மெட்ரோவை நடத்திட்டிருந்த கெவின் டெஸ்மண்டை டிரான்ஸ்லிங்க் கொண்டு வந்தது. அடிப்படைச் சம்பளம் 3,65,000 டாலர். 2015 கடைசியில ஆட்சிக்கு வந்த மத்திய அரசு பணம் ஒதுக்கினதால, மேயர்களோட திட்டம் துண்டு துண்டா உயிர் பெற்றது. வாக்கெடுப்பு முடிஞ்சு பத்து வருஷம் கழிச்சும் பிராட்வே சுரங்க ரயில் வேலை நடந்துகிட்டுதான் இருந்தது. அந்தச் சாலையில அதுவரைக்கும் 99-ம் நம்பர் பஸ்தான்.