நீளமான, வறண்ட, மெல்லிய முடி... சிக்கு விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

''ஆடாம உட்காரு. இல்லைன்னா இந்த லீவுல பாப் வெட்டி விட்டுடுவேன் பார்த்துக்கோ!''

ஸ்கூல் வேன் வரப் பத்து நிமிடம் இருக்கும்போது, பெண் குழந்தைகள் இருக்கும் பல வீடுகளில் கேட்கும் வசனம் இது. இடுப்பு வரை முடி வளர்த்த கல்லூரிப் பெண்கள், வேலைக்குச் செல்லும் பெண்கள் பலரும் கடைசியில் முடியை வெட்டிக்கொள்வதற்குக் காரணம் ஃபேஷன் இல்லை. தினமும் சிக்கெடுத்து அலுத்துப் போவதுதான். நீள முடியை வைத்துக்கொள்வதா, வெட்டுவதா என்பது அவரவர் விருப்பம். ஆனால், சிக்குக்குப் பயந்து ஆசையாக வளர்த்த முடியை இழக்க வேண்டியதில்லை. குறிப்பாக, முடி நீளமாகவும் வறண்டும் மெல்லியதாகவும் இருப்பவர்கள் சில பழக்கங்களை மாற்றினாலே பாதிப் பிரச்னை குறைந்துவிடும்.

ஏன் சிக்கு விழுகிறது?

ஒவ்வொரு முடியின் மேலும் 'க்யூட்டிகிள்' என்ற மேலுறை இருக்கிறது. ஓட்டு வீட்டின் கூரையில் ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியிருப்பதுபோல, மெல்லிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். அதன்மேல் ஒரு நுண்ணிய கொழுப்புப் படலமும் உண்டு. செதில்கள் படிந்து இருக்கும்வரை ஒரு முடி இன்னொரு முடிமேல் வழுக்கிச் செல்லும். வெயில், அயர்ன் செய்யும் சூடு, ப்ளீச், கலரிங், ஸ்ட்ரெயிட்டனிங், முரட்டுத்தனமாகச் சீவுவது போன்றவற்றால் அந்தப் படலம் போய், செதில்கள் தூக்கிக்கொள்ளும். பிறகு ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொள்ளும். அதுதான் சிக்கு.

நீளம் ஏன் பிரச்னையைக் கூட்டுகிறது? தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படிப் பார்த்தால் 70 செ.மீ நீள முடியின் நுனிக்கு வயது ஐந்து, ஆறு ஆண்டுகள். வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிப்பவர் என்றால், அந்த நுனி 500 முறைக்கு மேல் அலசப்பட்டிருக்கிறது. உச்சந்தலையில் சுரக்கும் இயற்கையான எண்ணெய்ப் பசையும் அவ்வளவு தூரம் இறங்குவதில்லை. அதனால்தான் வேர்ப்பகுதி எண்ணெய் வழிந்தாலும், நுனி மட்டும் தேங்காய் நார்போல இருக்கிறது.

இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. குட்டை முடி என்றால் உதிர்ந்தது கீழே விழுந்துவிடும். நீள முடியில், உதிர்ந்த முடி கீழே விழாமல் பின்னலுக்குள்ளேயே தங்கி, மற்ற முடிகளைச் சுற்றிக் கயிறுபோல இறுக்கும். இரண்டு நாள் சீவாமல் விட்டால் சிக்கு இரண்டு மடங்கு அல்ல, பல மடங்காகத் தெரிவது இதனால்தான்.

உங்களுடையது மெல்லிய முடியா?

மெல்லிய முடி வேறு, அடர்த்தி குறைந்த முடி வேறு. தலை நிறைய முடி இருந்தும், ஒவ்வொரு இழையும் மெல்லியதாக இருக்கலாம். உதிர்ந்த ஒரு முடியையும், தைக்கும் நூல் ஒன்றையும் அருகருகே வைத்து விரல்களுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள். முடி இருப்பதே தெரியவில்லை என்றால், அது மெல்லிய ரகம். இந்த வகை முடி காற்றில் எளிதாகப் பறக்கும், எளிதாகச் சுற்றிக்கொள்ளும், இழுத்தால் சீக்கிரம் அறுந்துவிடும். எண்ணெயோ, கண்டிஷனரோ கொஞ்சம் கூடினாலும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். எனவே, அடர்த்தியான முடி உள்ள தோழி சொல்லும் டிப்ஸ் எல்லாம் உங்களுக்கு ஒத்துவராது.

எண்ணெய்... அளவாக, குளிப்பதற்கு முன்பு!

பாட்டி காலத்துத் தேங்காய் எண்ணெய்க்கு அறிவியலும் சாட்சி சொல்கிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2003-ல் 'ஜர்னல் ஆஃப் காஸ்மெட்டிக் சயின்ஸ்' இதழில் வெளியானது. முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவக்கூடியது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பு, ஒன்றிரண்டு டீஸ்பூன் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, காதுக்குக் கீழே உள்ள முடியில் நீவிவிட்டால் போதும். மெல்லிய முடிக்குக் கிண்ணம் நிறைய எண்ணெய் தேவையில்லை. அதிகம் வைத்தால் அதைப் போக்க இரண்டு, மூன்று முறை ஷாம்பு போட வேண்டிவரும். முடி மறுபடி வறண்டுவிடும்.

விளக்கெண்ணெய் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. தேங்காய் எண்ணெயுடன் விளக்கெண்ணெய் கலந்து தேய்த்துக் குளித்த ஓர் இளம்பெண்ணின் நீள முடி, திடீரெனக் கெட்டியான கட்டியாகச் சுருண்டுகொண்டதை 2017-ல் 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ட்ரைக்காலஜி' பதிவு செய்திருக்கிறது. கடைசியில் அந்த முடியை வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. இது அரிதான சம்பவம்தான். ஆனாலும், பசைபோல இருக்கும் விளக்கெண்ணெயை நீளமான, வறண்ட முடி முழுக்கத் தடவாமல் இருப்பதே நல்லது.

தலைக்குக் குளிக்கும்போது...

* குளியலறைக்குள் போவதற்கு முன்பே சிக்கெடுத்துவிட வேண்டும். சிக்கோடு தண்ணீர் ஊற்றினால் முடிச்சு இறுகிவிடும்.

* முடி முழுவதையும் உச்சந்தலையில் குவித்துவைத்து, துணி கசக்குவதுபோல ஷாம்பு தேய்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஷாம்புவை ஒரு மக் தண்ணீரில் கரைத்து, உச்சந்தலையில் மட்டும் விரல் நுனிகளால் தேய்க்கவும். அந்த நுரை வழிந்து இறங்குவதே நுனிக்குப் போதும்.

* சீயக்காய், அரப்பு பயன்படுத்துபவர்கள் தூளை நேரடியாகத் தேய்க்க வேண்டாம். சொரசொரப்பான துகள்கள் மெல்லிய முடியில் மாட்டிக்கொண்டு, அதுவே சிக்காகும். வெதுவெதுப்பான தண்ணீரிலோ, வடித்த கஞ்சியிலோ ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றைப் பயன்படுத்தலாம்.

* குளியல் சோப்பு, சமையல் சோடா இரண்டும் தலைக்கு வேண்டாம். இவற்றின் காரத்தன்மை முடியின் செதில்களைத் தூக்கிவிடும்.

* போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடிமேல் படிந்து சொரசொரப்பாக்கும். வீடு முழுக்க நல்ல தண்ணீருக்கு வழியில்லை என்றால், கடைசியாக அலசும் இரண்டு, மூன்று மக் மட்டுமாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். ஆர்.ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீரைப் பயன்படுத்தக் கூடாது. அதில் உப்பு இன்னும் அதிகம்.

* வறண்ட முடிக்கு கண்டிஷனர் ஆடம்பரம் அல்ல. அதிலுள்ள பொருள்கள், சேதமான இடத்தில் ஒட்டிக்கொண்டு முடியை வழுவழுப்பாக்கும். காதுக்குக் கீழே மட்டும் தடவி, அகலப் பல் சீப்பால் ஒருமுறை நீவிவிட்டு அலசவும். வேர்ப்பகுதியில் போட்டால் மெல்லிய முடி படிந்து, எண்ணெய் வழிவதுபோலத் தெரியும்.

துடைப்பதில் இருக்கிறது சூட்சுமம்

ஈரமான முடி, காய்ந்த முடியைவிட அதிகமாக இழுபடும், எளிதில் சேதமாகும். தடிமனான டர்க்கி டவலால் பரபரவென்று தேய்ப்பதும், ஈர முடியைத் துண்டால் தட்டி உதறுவதும் செதில்களைக் கிளப்பிவிடும். மெல்லிய பருத்தித் துண்டு, பழைய காட்டன் வேட்டி, பழைய டி-ஷர்ட் ஏதாவது ஒன்றால் முடியை மேலிருந்து கீழாக ஒற்றி எடுக்கவும். தலையில் முறுக்கிக் கட்டும் துண்டைப் பத்து நிமிடங்களில் எடுத்துவிடலாம்.

முக்கால்வாசி காய்ந்த பிறகு சீவுவது மெல்லிய முடிக்குப் பாதுகாப்பு. சுருட்டை முடி என்றால் மட்டும் இது மாறும். ஈரத்தில், கண்டிஷனர் இருக்கும்போதே சிக்கெடுப்பது அவர்களுக்கு எளிது.

சீப்பு நுனியிலிருந்து தொடங்கட்டும்

உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுவையாக இழுத்தால், வழியில் உள்ள சின்னச் சின்ன சிக்குகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து கீழே பெரிய முடிச்சாகிவிடும். எனவே, கடைசி நான்கு விரற்கடை முடியை முதலில் சீவுங்கள். அது சரியானதும் இன்னும் நான்கு விரற்கடை மேலே போங்கள். இப்படியே படிப்படியாக உச்சிக்குச் செல்லலாம். சிக்குக்கு மேலே முடியை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால், வேர் இழுபடாது, வலிக்காது. குழந்தைகள் அழுவது பெரும்பாலும் இந்த ஒரு பிடி இல்லாததால்தான்.

முதலில் விரல்கள், அடுத்து அகலப் பல் சீப்பு, கடைசியாகத் தேவைப்பட்டால் நெருக்கமான சீப்பு என்பதே வரிசை. பேன் சீப்பைச் சிக்கு முழுவதும் எடுத்த பிறகே பயன்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் சீப்பின் பற்களில் விளிம்பு கூர்மையாகவோ, பிசிறாகவோ இருந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

தளர்வான பின்னல்... இரவிலும் பகலிலும்

விரித்த முடியோடு தூங்கினால், புரளும்போதெல்லாம் தலையணையில் உரசி, பிடரிப் பக்கம் சிக்கு விழும். படுக்கும் முன் சீவி, தளர்வாகப் பின்னி, துணி சுற்றிய பேண்ட் போட்டுக்கொள்ளலாம். வழவழப்பான சாட்டின் தலையணை உறை உரசலைக் குறைக்கும். புதிதாக வாங்க வேண்டியதில்லை; பழைய பட்டு அல்லது சாட்டின் துணியில் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். இறுக்கமான பின்னல் வேண்டாம். தொடர்ந்து வேரை இழுத்துக்கொண்டே இருந்தால் நெற்றி ஓரத்தில் முடி கொட்டி, அந்த இடம் வழுக்கையாகவும் வாய்ப்பு உண்டு.

டூ வீலரில் செல்பவர்கள் முடியைப் பின்னி, பின்னலைத் துப்பட்டா அல்லது சட்டைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். தலையில் மெல்லிய காட்டன் ஸ்கார்ஃப் கட்டி, அதன்மேல் ஹெல்மெட் அணியலாம். கழுத்துச் செயினின் கொக்கி, ஐ.டி கார்டு கயிறு, சுடிதாரின் பின் ஹூக் ஆகியவை பிடரி முடியைப் பிடித்து இழுக்கும் ரகசிய எதிரிகள். பூ வைத்துக்கொள்பவர்கள், எடுக்கும்போது சரத்தைப் பிடித்து இழுக்காமல், முதலில் ஹேர்பின்னைக் கழற்றுங்கள். நாரில் சுற்றிய முடி அறுபடாமல் தப்பிக்கும்.

இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, பிளந்த நுனியை அரை அங்குலம் வெட்டிவிடுவதும் அவசியம். பிளவுபட்ட நுனிகளே பக்கத்து முடியில் அதிகம் மாட்டிக்கொள்பவை.

பெரிய சிக்கு விழுந்துவிட்டதா?

தண்ணீர் ஊற்றாதீர்கள். சிக்கு விழுந்த இடத்தில் மட்டும் தேங்காய் எண்ணெயோ, கண்டிஷனரோ தாராளமாகத் தடவி, கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு விரல்களால் முடிச்சைப் பக்கவாட்டில் இரண்டாக, நான்காகப் பிரியுங்கள். சீப்பின் காம்பு நுனியால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழை பிரிக்கலாம். கை வலித்தால் நிறுத்தி, பிறகு தொடருங்கள். எதற்குமே மசியாவிட்டால், முடியைக் குறுக்காக வெட்டாமல், முடிச்சை மட்டும் மேலிருந்து கீழாக நீளவாக்கில் கத்தரியால் கீறிவிட்டுப் பிரித்தால், பெரும்பகுதி முடியைக் காப்பாற்றிவிடலாம்.

படுக்கையில் இருப்பவர்களை மறக்க வேண்டாம்

காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், மன அழுத்தம் எனச் சில வாரங்கள் தலை சீவாமல் படுத்திருப்பவர்களுக்குப் பின்தலை முடி கம்பளிபோல ஒட்டிக்கொள்ளும். உடம்பு தேறி எழுந்ததும், நீள முடி மொத்தமும் போய்விட்டது என்பது பல பெண்களுக்கு நோயைவிடப் பெரிய வேதனை. மருத்துவமனையில் அனுமதிக்கும் நாளிலேயே, நர்ஸிடம் கேட்டு, முடியைக் காதோரமாக இரண்டு தளர்வான பின்னல்களாகப் போட்டுவிடுங்கள். நடுவில் ஒற்றைப் பின்னல் போட்டால் தலைக்கு அடியில் அழுந்தும். தினமும் ஐந்து நிமிடம் பின்னலை அவிழ்த்து, நுனியிலிருந்து சீவினால் போதும். சடை பிடித்த முடிக்கு அடியில், பின்தலையில் படுக்கைப்புண் வந்தாலும் வெளியே தெரியாது என்பதால், இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல.

முடி திடீரென்று கட்டியாகச் சுருண்டுகொள்வதை மருத்துவத்தில் 'பிளைக்கா நியூரோபதிகா' என்கிறார்கள். இதைத் தெய்வக்குற்றம், அம்மன் அழைப்பு என்று நம்பி, வெட்டவோ பிரிக்கவோ பயப்படுபவர்கள் உண்டு. மகாராஷ்டிரா, கர்நாடகப் பகுதிகளில் இப்படி 'ஜட்' விழுந்த பெண்களை எல்லம்மாவுக்கு நேர்ந்துவிடும் வழக்கமும் இருந்தது. மகாராஷ்டிராவின் மூடநம்பிக்கை எதிர்ப்பு ஆர்வலர்கள், அந்தப் பெண்களிடம் பேசிப் பயத்தைப் போக்கி, சடையை அகற்ற உதவிவருகிறார்கள். பாரத்தால் கழுத்துவலியும், சுத்தம் செய்ய முடியாமல் தலையில் தொற்றும் வரும் என்பதால், தள்ளிப்போடக் கூடாது.

டாக்டரை எப்போது பார்க்க வேண்டும்?

பழக்கங்களை மாற்றியும் முடி திடீரென வறண்டு, கொத்துக்கொத்தாகக் கொட்டினால், ரத்தசோகையோ தைராய்டு பிரச்னையோ காரணமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பிரசவத்துக்குப் பிறகோ, கடும் காய்ச்சலுக்குப் பிறகோ இரண்டு, மூன்று மாதங்களில் முடி அதிகம் உதிர்வது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். தலையில் புண், செதில், வட்ட வட்டமாக முடி இல்லாத இடங்கள் தெரிந்தால் சரும மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. இன்றிரவு சீவிப் பின்னிவிட்டுத் தூங்குங்கள். நாளைக் காலை சீப்பை நுனியில் வையுங்கள். இந்த இரண்டுக்கும் ஐந்து பைசா செலவில்லை. ஒரு வாரத்தில் சீப்போடு வரும் முடியின் அளவே வித்தியாசத்தைச் சொல்லிவிடும்!