வீலிங் பழக ஆசையா? முதலில் தோள் நரம்பைப் பற்றிக் கொஞ்சம்

சென்ற சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணா, நான் ஏ2 லைசென்ஸ் எடுத்துட்டேன். வண்டியும் வாங்கியாச்சு. வீலிங் கத்துக்கலாம்னு இருக்கேன். நீங்க ஹெல்த் பக்கம் எழுதுறீங்களே, இதனால உடம்புக்கு என்ன ஆகும்னு சொல்லுங்க" என்றார். 'விழுந்தால் என்ன ஆகும்' என்று கேட்காமல் 'உடம்புக்கு என்ன ஆகும்' என்று கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. வெறுமனே "வேண்டாம்ப்பா" என்று சொல்லி அனுப்பினால் அவர் வேறு யாரிடமாவது போய்க் கேட்பார். எனவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் ஆசை நமக்குப் புதிது அல்ல. 1985-இல் யமஹா ஆர்.எக்ஸ். 100 நம் ஊருக்கு வந்தபோது, எடை குறைவு, இழுவை அதிகம் என்பதால் கல்லூரி வாசல்களில் அது நின்ற நேரத்தைவிட எழும்பிய நேரம்தான் அதிகம் என்று சொல்வார்கள். நாம் இப்போது வாழும் சாக்சனி மாநிலமும் மோட்டார் சைக்கிளுக்குப் பேர்போனது. டிரெஸ்டனுக்குத் தென்மேற்கே மலைப்பகுதியில் இருக்கும் சோப்பாவ் என்ற சின்ன ஊரில் இயங்கிய டி.கே.டபிள்யூ. தொழிற்சாலை, 1920களின் கடைசியில் உலகிலேயே மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையாக இருந்தது. பிறகு அங்கேதான் எம்.இசட். வண்டிகள் வந்தன. நகர மையத்தில் இருக்கும் போக்குவரத்து அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு போனால் பழைய வண்டிகளைப் பார்க்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வேகத்தைத் திடீரென்று கூட்டும்போது வண்டியின் பாரம் பின்சக்கரத்துக்கு மாறுகிறது. போதிய இழுவை இருந்தால் முன்சக்கரம் எழும்பும். ஒரு குறிப்பிட்ட உயரம் வரை, ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் சக்கரம் தானாகக் கீழே வந்துவிடும். அந்தச் சமநிலைப் புள்ளியைத் தாண்டிவிட்டால் ஆக்ஸிலேட்டரைக் குறைத்துப் பயனில்லை. வலது காலால் பின் பிரேக்கை அழுத்தினால் மட்டுமே வண்டி முன்பக்கம் இறங்கும்.

நம் உடம்பு காலை வாரிவிடுவது இங்கேதான். முன்பக்கம் எழும்பியதும் உடல் பின்னால் சரிகிறது. பயத்தில் இரண்டு கைகளும் கைப்பிடியை இறுகப் பற்றி இழுக்கின்றன. இழுக்கும்போது வலது மணிக்கட்டு தன்னையறியாமல் ஆக்ஸிலேட்டரை இன்னும் திருகிவிடுகிறது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பிடித்த கையே வண்டியை இன்னும் மேலே தூக்குகிறது! காலும் பிரேக்கை மறந்து காற்றில் தொங்கும். முதல் தடவை முயற்சி செய்கிறவர்கள் மல்லாக்க விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தைரியம் கூடியதோ குறைந்ததோ அல்ல, அனிச்சைச் செயல்.

அப்படி விழும்போது அடி எங்கே படுகிறது என்று பாருங்கள். முதலில் வால் எலும்பும் கீழ் முதுகும். அடுத்து, தரையில் ஊன்றிய மணிக்கட்டு. பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இருக்கும் ஸ்கேஃபாய்ட் என்ற சின்ன எலும்பு உடைந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். "சுளுக்குதான்" என்று தைலம் தடவிக்கொண்டு திரிவோம். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால், கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடும். பெருவிரல் அடியில் அமுக்கினால் வலிக்கிறது என்றால் பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடியும் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது தோளைப் பற்றித்தான்.

கழுத்தில் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கிளம்பி, பின்னல்போல ஒன்றோடொன்று சேர்ந்து, தோள்பட்டை எலும்புக்கு அடியில் நுழைந்து கைக்கு வருகின்றன. வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு தோள் தரையில் மோதி, தலை எதிர்ப்பக்கம் திரும்பினால் இந்தப் பின்னல் இழுபட்டுக் கிழியும். சில சமயம் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. கை மட்டும் துணிபோலத் தொங்கும்.

என் மாமா மகனுக்கு நடந்தது இதுதான். கல்லூரிக்குப் பின்னால் இருந்த தார் ரோட்டில், நண்பன் வண்டியில், ஒரே ஒரு தடவை. தோள்பட்டை எலும்பு முறிந்தது என்று கட்டுப் போட்டார்கள். எலும்பு சேர்ந்ததும் கை தூக்கும் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஒரு வருஷம் காத்திருந்தோம். அறுந்த நரம்பு மறுபடி வளர்வது ஏறக்குறைய நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான். தோளிலிருந்து விரல் வரை கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் நரம்பின் தொடர்பில்லாத தசை மெலிந்து, பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் ஏற்றுக்கொள்ளாத நிலைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் நரம்பு ஒட்டு, நரம்பு மாற்று அறுவை சிகிச்சைகளை விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்கிறார்கள். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை போன்ற இடங்கள் இந்த வகை அறுவை சிகிச்சைக்கென்றே பேர் பெற்றவை. எங்களுக்கு அது தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அவர் இன்றைக்கும் சட்டைப் பொத்தானை ஒரு கையாலேயே போட்டுக்கொள்கிறார். மிக வேகமாகப் போடுவார். விழுந்தபின் கையில் உணர்ச்சி இல்லை, தூக்க முடியவில்லை என்றால் எலும்பை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வராதீர்கள். நரம்பைப் பற்றிக் கேளுங்கள்.

தெருவில் செய்தால்

யூடியூபர் டி.டி.எஃப். வாசன் சம்பவம் பலருக்கும் நினைவிருக்கும். 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் அருகே தாமல் பகுதியில், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கியபோது வண்டி கட்டுப்பாட்டை இழந்து அவர் தூக்கி வீசப்பட்டார். கை எலும்பு முறிந்தது. ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார்; ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு, அதாவது 2033 அக்டோபர் வரை ரத்து செய்யப்பட்டது. அவர் உயிர் பிழைத்ததற்குப் போட்டிருந்த பாதுகாப்பு உடைதான் காரணம். அவரைப் பார்த்து ஆசைப்படும் பையன்களிடம் அந்த உடை இருக்காது. தலைக்கவசம் இருந்தாலும் தாடைப் பட்டையை மாட்டியிருக்க மாட்டார்கள்.

ஜெர்மனியில் பொதுச் சாலையில் இதைச் செய்தால் போலீஸ் அபராதத்தோடு விடலாம். அடுத்தவருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் குற்ற வழக்காகவும் ஆகலாம். இரண்டு வருட சோதனைக் காலத்தில் இருக்கும் மாணவர்கள் இதை ஞாபகத்தில் வைக்கவும். நம்மவர் பலர் யோசிக்காத ஒன்றும் உண்டு. வேண்டுமென்றே செய்த குற்றத்தின்போது காயம் பட்டால், சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை உங்களிடம் கேட்க கிராங்கன்காஸ்ஸேவுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. காயம் உங்கள் சொந்தக் குற்றத்தால் நேர்ந்தது என்றானால், மருத்துவ விடுப்புக் காலச் சம்பளத்தை நிறுவனம் மறுக்கவும் வழி உண்டு. வேலை விசாவில் இருக்கிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்.

பழகியே தீருவேன் என்றால்

பெரிய சாதனைகளை எடுத்துப் பாருங்கள். அமெரிக்கர் டக் டொமோகோஸ் 1984-இல் ஒரே மூச்சில் 145 மைல் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டியது டல்லடேகா பந்தய மைதானத்தில். ஜப்பானியர் யசுயுகி குடோ 1991-இல் 331 கி.மீ. ஓட்டியது வாகன ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைப் பாதையில், அதுவும் எடை குறைந்த சின்ன வண்டியில். எதிரே லாரி வரும் ரோட்டில் யாரும் சாதனை செய்யவில்லை.

ஜெர்மனியில் மூடிய திடலில் இதற்கென்றே ஒருநாள் பயிற்சிகள் நடத்துகிறார்கள். சில இடங்களில் வண்டியை இரும்புச் சட்டத்தில் கட்டி, பின்னால் சாய முடியாதபடி வைத்திருப்பார்கள். அதில் முதல் பாடம் தூக்குவது அல்ல, இறக்குவது. வலது கால் பின் பிரேக் மீதிலிருந்து எடுபடாத பழக்கம் வரும்வரை ஆசிரியர் விடமாட்டார். மேலே சொன்ன அனிச்சைச் செயலை மாற்ற இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. முழுத் தலைக்கவசம், முதுகுக் கவசம், கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் ஆகிய நான்கும் இல்லாமல் போகாதீர்கள். ஒரு தடவை தரையில் மோதிய தலைக்கவசத்தை, வெளியே நன்றாகத் தெரிந்தாலும், மாற்றிவிடுங்கள். முன்கை இறுகி விரல்கள் மரத்துப்போனால் அன்றைக்கு அவ்வளவுதான். கிளச்சைப் பிடிக்க விரல் மறுக்கும் நேரத்தில்தான் விழுவீர்கள். முந்தின நாள் இரவு பீரும் கூடாது. 21 வயதுக்குட்பட்டவர்களுக்கும் சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் இங்கே ரத்தத்தில் மது அளவு பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும்.

கூடப் போகிற நண்பருக்கும் ஒரு வேலை இருக்கிறது. விழுந்தவர் நினைவோடு இருந்து கழுத்து, முதுகு வலி என்றால் அசைக்காமல் 112-ஐ அழைக்கவும். இடம், எத்தனை பேர், என்ன ஆயிற்று என்று சொல்லிவிட்டு, அவர்கள் கேள்வி கேட்டு முடிக்கும்வரை போனை வைக்காதீர்கள். நினைவில்லை என்றால் தலைக்கவசத்தைக் கழற்றத்தான் வேண்டும். ஒருவர் தலையையும் கழுத்தையும் தாங்க, மற்றவர் மெதுவாக உருவ வேண்டும். மூச்சு வருகிறதா என்று வேறு எப்படிப் பார்ப்பது? மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வைக்கவும், இல்லையென்றால் மார்பை அழுத்தத் தொடங்கவும். ஊருக்குப் போயிருக்கும்போது என்றால் 108. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம் என்பதால், பணத்தை யோசித்து யாரும் தாமதிக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு சிறுநீர் கழிக்க முடியாமை, தொடை இடுக்கில் மரத்துப்போதல், திரும்பத் திரும்ப வாந்தி, அசாதாரணத் தூக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இவ்வளவையும் அந்தத் தம்பியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "முதுகுக் கவசம் எவ்வளவு ஆகும் அண்ணா?" என்றார். அடுத்த சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போகிறோம்.