கேமிங் நாற்காலி: கண்ணுக்கு அழகு, முதுகுக்குச் சுகமா?

"ஆயிரம் வெள்ளிக்கு ஒரு நாற்காலியா தம்பி? நம்ம வீட்டு சோபாவே அவ்வளவு இல்லையே!"

"அம்மா, இதுல உட்கார்ந்தா முதுகு வலிக்காதும்மா."

"இத்தனை வருஷமா கொழுந்துக் கூடை சுமந்து எனக்கு வலிக்குதே, அதுக்கு யாரு நாற்காலி வாங்கிக் கொடுத்தா?"

கேமரன் மலையில், கோலா தெர்லா வட்டாரத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் மட்டுமல்ல, நாட்டில் பல வீடுகளில் இன்று கேட்கக்கூடிய பேச்சுதான் இது. கைத்தொலைபேசியில் மகன் காட்டுவது கறுப்பும் சிவப்புமாக, இரு பக்கமும் சிறகு விரித்த நாற்காலியின் படம். அம்மா பார்ப்பது அதன் கீழே உள்ள விலையை.

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. மின்விளையாட்டு இப்போது வெறும் பொழுதுபோக்கு அல்ல. 2019-இல் பிலிப்பைன்சில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியிலேயே அதற்குப் பதக்கம் வழங்கப்பட்டது. விளையாடாத பிள்ளையும் பாடம், வேலை என்று மணிக்கணக்கில் கணினி முன் அமர்கிறது. அதே சமயம், 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆயிரம் வெள்ளி என்றால் அதில் பாதிக்கும் மேல். அந்தப் பணம் படத்தின் அழகுக்குப் போகிறதா, பிள்ளையின் முதுகுக்குப் போகிறதா என்று கேட்பது கஞ்சத்தனம் ஆகாது.

முதலில் அந்தச் சிறகின் கதையைத் தெரிந்துகொள்வோம். கார் பந்தய இருக்கைகளைச் செய்துவந்த டிஎக்ஸ்ரேசர் நிறுவனம் 2006-இல் அதே வடிவத்தைச் சக்கரம் பூட்டிய நாற்காலிக்குக் கொண்டுவந்தது. 2014-இல் சிங்கப்பூரில் இரு இளம் விளையாட்டாளர்கள் சீக்ரெட்லேப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நம் நாட்டிலும் டிடிரேசிங் போன்ற பெயர்கள் வந்துவிட்டன. பெயர்கள் வேறு என்றாலும் முன்மாதிரி ஒன்றுதான், அது பந்தயக் கார். வேகமாக ஓடும் கார் வளைவில் திரும்பும்போது ஓட்டுநரின் உடல் பக்கவாட்டில் தூக்கி எறியப்படும். இடுப்பையும் தோளையும் இறுக்கிப் பிடிக்கத்தான் அந்தச் சிறகுகள். முதுகுச் சாய்வின் மேற்பகுதியில் தெரியும் இரண்டு துளைகளும் ஓட்டுநரின் தோள்வார் நுழைவதற்காக வந்தவை. வீட்டு நாற்காலியில் அவற்றின் வழியாகக் கழுத்துத் தலையணையின் பட்டிதான் போகிறது.

வீட்டு மேசை எந்த வளைவிலும் திரும்புவதில்லை. அகன்ற இடுப்பு உள்ளவருக்கு இருக்கையின் ஓரச் சிறகு உதவியே அல்ல, தொல்லை. மெல்லிய பஞ்சுக்கு அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் தொடையை அழுத்தி, காலை மரத்துப் போகச் செய்யும். நம்மவர்களுக்கு நாற்காலியிலும் ஒரு காலை மடக்கி உட்காரும் பழக்கம் உண்டு. சிறகு உயர்ந்த இருக்கையில் அதுவும் நடக்காது. பந்தயத் தோற்றம்தான் பிடிக்கிறது என்றால் வாங்குவதில் தவறில்லை. ஆனால் இருக்கைப் பகுதி தட்டையாக, ஓரம் தாழ்ந்ததாக இருக்கட்டும். முதுகுச் சாய்வில் சிறகு இருந்துவிட்டுப் போகட்டும்.

சுகத்தை எப்படி அளப்பது? உள்ளங்கால் முழுவதும் தரையில் பதிய வேண்டும். முதுகைச் சாய்வில் ஒட்டி அமர்ந்த பிறகு, இருக்கையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய இடம் வேண்டும். தோளைத் தூக்காமலேயே முழங்கை கைப்பிடியில் படிய வேண்டும். இடுப்புத் தலையணை கீழ்முதுகின் உள்வளைவில் சரியாகப் பொருந்த வேண்டும். கொஞ்சம் மேலே ஏறிவிட்டாலும் அது தாங்குவதற்குப் பதிலாக உடலை முன்னால் தள்ளிவிடும். சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களிலேயே முதுகெலும்பு வட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தவர். முன்னால் குனிந்து அமர்ந்தால் வட்டின் மேல் பாரம் கூடுகிறது, பின்னால் சாய்ந்தால் குறைகிறது. ஆகவே சாய்மானம் ஆடம்பரம் அல்ல. ஆனால் 180 பாகை வரை படுக்கலாம் என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை, படுக்க வீட்டில் பாய் இருக்கிறது. 100 முதல் 110 பாகை வரை சாய்ந்து உறுதியாக நின்றாலே வேலைக்குப் போதும்.

உயரம் குறைந்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஐந்தடி உயரம் உள்ளவருக்குத் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 40 செண்டிமீட்டருக்குள்தான் இருக்கும். பல கேமிங் நாற்காலிகளை எவ்வளவு இறக்கினாலும் 45 செண்டிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். கால் தொங்கும், கழுத்துத் தலையணை பின்மண்டையில் போய் இடிக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் நிறத்தையும் விளக்கொளியையும் விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் இருக்கை உயரத்தையும் தாங்கும் எடையையும் படியுங்கள்.

இனி மலைக்கே உரிய சங்கதி. கீழே ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் 'தோல் உறை வேர்க்கும், வலை நாற்காலி வாங்கு' என்பார்கள். இரவில் 15, 16 பாகை குளிரும் கோலா தெர்லாவில் வேர்வை பிரச்சினை அல்ல. பிரச்சினை மூடுபனி. கடையில் தோல் போல மின்னுபவற்றில் பெரும்பாலானவை தோலே அல்ல. துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் படலம். காற்றிலுள்ள ஈரம் அந்தப் படலத்தின் வேதிப் பிணைப்பை மெல்ல மெல்ல அறுத்துவிடும். சில ஆண்டுகளில் வெடிப்பு விழுந்து, கறுப்புச் செதில்கள் சட்டையில் ஒட்டத் தொடங்கும். உட்காராமல் மூடி வைத்திருந்தாலும் இது நடக்கும் என்பதுதான் வேதனை. பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைப்பவர்கள் ஈரத்தையும் சேர்த்தே பத்திரப்படுத்துகிறார்கள்.

பிவிசி உறை இப்படி ஈரத்தில் சிதைவதில்லை, ஆனால் கொஞ்சம் விறைப்பு. துணி உறை கதகதப்பு, குளிருக்கு இதம். ஆனால் சன்னல் திறக்காத அறையில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே கழற்றித் துவைக்கக்கூடிய துணி உறையாக, அல்லது சீக்கிரம் காயும் வலையாகப் பார்ப்பது மலைவாசிக்கு நல்லது. வலையில் முதுகு குளிர்ந்தால் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் முடிந்தது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெயில் வரும் நாளில் காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்துங்கள், சுட்டெரிக்கும் வெயிலில் மட்டும் வேண்டாம்.

ஏறி இறங்கும் தண்டு வெடித்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. உள்ளே இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு. சோதிக்கப்பட்ட, தடித்த சுவருள்ள நான்காம் வகைத் தண்டு என்றால் கவலை குறைவு. அது பழுதாகி நாற்காலி தானாக இறங்கத் தொடங்கினால் தண்டை மட்டும் மாற்றலாம். துளை போடுவதோ சூடு காட்டுவதோ ஆபத்து.

வாங்கும் இடமும் முக்கியம். இணையத்தில் விலை குறைவுதான், மறுக்க முடியாது. ஆனால் 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டி மலையேறி வந்த பிறகு 'பொருந்தவில்லை' என்று திருப்பி அனுப்பும் கூலியைக் கேட்டுப் பாருங்கள், மனம் மாறும். கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கினால் ஈப்போ. வேறு வேலையாக அங்கே போகும் நாளில் கடையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு நிமிடம் போதாது, கால்மணி நேரமாவது உட்காருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பிடித்த மாதிரியின் பெயரைக் குறித்துக்கொண்டு பிறகு எங்கே மலிவோ அங்கே வாங்கலாம். உத்தரவாதம் எதற்கு என்பதையும் கேளுங்கள். பல நிறுவனங்கள் இரும்புச் சட்டத்துக்குப் பல ஆண்டு கொடுத்து, உரிந்துபோகும் உறைக்குக் குறுகிய காலமே கொடுக்கும்.

பொருள் தரமில்லாமல் போய், விற்றவர் கைவிரித்தால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வெறும் 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதையும் விளம்பரப் படத்தையும் மட்டும் அழித்துவிடாதீர்கள்.

இவ்வளவும் பார்த்து வாங்கினாலும் அந்த நாற்காலி ஒருவருக்கு மட்டும் இருக்கப் போவதில்லை. மகன் பள்ளிக்குப் போன நேரத்தில் அம்மாவும் அதில் கொஞ்சம் சாய்வார். எனவே கடைக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போய் உட்காரவைத்துப் பாருங்கள். கைப்பிடியும் இடுப்புத் தலையணையும் இருவர் அளவுக்கும் நகர்கின்றனவா என்று சோதியுங்கள். அம்மாவுக்குக் கால் எட்டவில்லை என்றால், வீட்டில் கிடக்கும் காய்கறிப் பெட்டியின் இரண்டு பலகையை ஆணியடித்துக் காலடியில் போட்டால் போதும், அதற்குத் தனியாகக் கால்மணை வாங்க வேண்டாம்.