அணங்கும் காட்டேரியும்

தமிழ்ப் பண்டிதரொருவர் இரத்தக் காட்டேரிக் காதற்கதைகளைப் படிக்கலாமோ என்று ஆசிரிய நண்பரொருவர் வினாவினார். படிக்கலாம், படித்து இன்புறவுஞ் செய்கின்றேன். பொழுதுபோக்கிற்காக என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அவற்றின் சுவை யாதென ஆராய்தலே முறை.

காட்டேரிக் காதல் என்றவுடன் மாணவர் பலர் ஸ்ரெபனி மேயர் 2005 இல் வெளியிட்ட 'ருவைலைற்' நாவலை நினைப்பர். முதியோர் நினைப்பது 1897 இல் வெளிவந்த பிராம் ஸ்ரோக்கரின் 'டிராகுலா'வை. இரண்டிற்கும் முற்பட்டது, டப்ளின் நகரத்தவரான ஷெரிடன் லெபானு எழுதிய 'கார்மில்லா'. 1871, 1872 ஆம் ஆண்டுகளிலே சஞ்சிகையொன்றில் தொடராக வந்த சிறு நூல். இரண்டு மாலைகளிற் படித்து முடிக்கலாம். என் மனத்தைப் பெரிதுங் கவர்ந்தது அதுவே.

ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஸ்ரைரியாவிலே, காடு சூழ்ந்த மாளிகையொன்றிலே, தாயற்ற லோரா தன் தந்தையோடு வாழ்கின்றாள். பேசுதற்கு ஒத்த வயதினர் எவருமிலர். ஒருநாள் அம்மாளிகையின் அருகே வண்டியொன்று குடைசாய, அதில் வந்த கார்மில்லா என்னும் பேரழகி அங்கே விருந்தினளாகத் தங்குகின்றாள். தோழமை வளர்கின்றது, தோழமை என்னுஞ் சொல் அதற்குப் போதாது. கார்மில்லா கைபற்றிக் காதன்மொழி பேசுங்கால், லோராவின் உள்ளம் கிளர்ச்சியுறுகின்றது. அதனோடு கலந்தே அச்சமும் அருவருப்பும் எழுகின்றன. அயலிலே இளம்பெண்கள் மாண்டுபோகின்றனர். அழுக்கு நீக்கப்பட்ட 1698 ஆம் ஆண்டு ஓவியமொன்றிலே கார்மில்லாவின் முகம் அப்படியே தோன்றுகின்றது! லோராவும் நாளுக்குநாள் மெலிகின்றாள்.

இவ்விடத்திலே தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் என் நினைவில் எழுந்தது. அச்சம் பிறக்கும் நிலைக்களங்களை எண்ணும் ஆசிரியர் அணங்கினை முதற்கண் வைத்தார். திருக்குறளிலோ, காமத்துப்பாலின் முதலதிகாரமே 'தகையணங்குறுத்தல்' எனப் பெயர்பெறும். அஞ்சுதற்குரிய தெய்வத்துக்கும் நெஞ்சை வருத்தும் அழகுக்கும் நம்மவர் ஒரே சொல்லை வழங்கினர். லெபானு தமிழறியார். ஆயினும், அச்சத்தையும் உவகையையும் ஒருத்தியின் முகத்திலே வைத்துக் காட்டிய திறத்துக்கு 'அணங்கு' என்பதினும் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

'ருவைலைற்' இத்துணை ஆழமுடையதன்று. அதன் காட்டேரிகள் வெயிலிலே மினுங்குவதைப் படித்தபோது, பல் பிடுங்கிய பாம்பையே நினைத்தேன். உரையாடலும் மிகை. எனினும், காதலியின் குருதியை வேட்கும் ஒருவன், விலங்கின் குருதியால் உயிர்தாங்கி, அவளருகே தன்னை அடக்கிக்கொண்டு நிற்கின்றானே, அந்த அடக்கத்திலே மெய்யான காதற்சுவை உண்டு. வகுப்பறையிலே ஒரு மாணவியிடமிருந்து அந்நூல் பறிக்கப்பட்டதை அறிவேன். பறித்தவர் அதனை ஒரு பக்கமேனும் படித்தாரல்லர். நானாயின் அதனைத் திருப்பிக் கொடுத்து, உடன் 'கார்மில்லா'வையுங் கொடுத்திருப்பேன். எதில் அச்சம் மிகுதி, ஏன் என்று அவளே எழுதிக்கொண்டு வரட்டும்.

'கார்மில்லா'வின் முடிவிலே கல்லறை திறக்கப்படுகின்றது, காட்டேரி அழிக்கப்படுகின்றது. ஆனால் லோராவின் நினைவிலே அவள் அழியவில்லை. ஒருபோது அழகியாகவும் ஒருபோது பேயாகவும் வந்துகொண்டேயிருக்கின்றாள். கதையை முடித்தவர் மீண்டும் முன்னுரையைப் புரட்டுவாராக. இதனை எழுதிய பெண் இடைக்காலத்தில் இறந்துவிட்டாள் என்ற செய்தி அங்கே கிடக்கின்றது. எவ்வாறு இறந்தாள் என்று லெபானு சொல்லவில்லை.