தலைசுற்றலும் உட்செவிச் சோதனையும்



திருவரங்கத்துத் தெற்கு ராஜகோபுரத்தை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். நெடுங்காலம் முற்றுப்பெறாமல் நின்ற அக்கோபுரம், 1987ஆம் ஆண்டில் 13 நிலைகளோடு 236 அடி உயரமுடையதாய் நிறைவெய்தியது. அதன் கலசங்களைக் காண வேண்டுமாயின் தலையை நன்றாக அண்ணாந்தே தீரவேண்டும். நான் ஓய்வு பெற்ற பின்னர், ஒருநாள் காலை அவ்வாறு அண்ணாந்தேன். இரண்டொரு நொடி சென்றது. பிறகு கோபுரம் சுழன்றது, தெருவும் சுழன்றது. அருகிலிருந்த பூக்கடையின் காலைப் பற்றிக்கொண்டு நின்றேன். அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அன்றிரவு படுக்கையில் வலப்பக்கம் புரண்டபோது மீண்டும் அதே சுழற்சி!

வீட்டார் பித்தம் என்று கூறி இஞ்சிச் சாறு தந்தனர். நண்பர் ஒருவர் இரத்த அழுத்தம் என்றார். மற்ற வேளைகளில் நான் நலமாகவே காணப்பட்டமையால், வீண் அச்சம் என்றும் சிலர் எண்ணினர். நானோ அம்மா மண்டபப் படித்துறைக்கு நீராடச் செல்வதையே விட்டுவிட்டேன். படியில் நிலை தவறினால் என்னாவது? இவ்வாறு சில மாதங்கள் கழிந்தன. இறுதியில், கல்லூரியில் பயிலும் என் பேத்தி என்னைத் திருச்சியில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றாள். "காது நன்றாகத்தானே கேட்கிறது, காது மருத்துவர் எதற்கு?" என்று நான் கேட்டேன். அக்கேள்விக்கு அங்கு எனக்குக் கிடைத்த விடையே இன்றைய பேச்சின் பொருள்.

மருத்துவர் முதலில் வினவியது இது: "உங்களுக்கு மயக்கம் வருகிறதா, தலை சுற்றுகிறதா?" நாம் இவ்விரு சொற்களையும் ஒன்றாகவே வழங்குகிறோம். கண் இருண்டு நினைவு மங்குவது மயக்கம். நிலையான பொருள்கள் சுழல்வனபோலத் தோன்றுவது தலைசுற்றல். அடுத்து, "எப்பொழுது வருகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது?" என்று வினவினார். புரளும்போதும், எழும்போதும், அண்ணாந்து பார்க்கும்போதும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் மறையுமாயின், உட்செவியின்மீதே முதலில் ஐயம் எழ வேண்டும்.

செவிக்குத் தொழில் இரண்டு. ஒன்று கேட்டல், மற்றொன்று உடலின் சமநிலையைக் காத்தல். ஒவ்வோர் உட்செவியிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அறையின் ஒரு மூலையில் தரையும் இரு சுவர்களும் கூடுவதுபோல், அவை மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்துள்ளன. குழல்களுக்குள் நீர் நிறைந்துள்ளது. தலை திரும்பும்போது அந்நீர் உடனே நகராமல் சற்றுப் பின்தங்குகிறது. அதனால் குழலின் ஒரு முனையிலுள்ள கூழ்போன்ற தடுப்பு வளைகிறது. அதில் பதிந்துள்ள நுண்மயிர்கள் வழியாக மூளைக்குச் செய்தி செல்கிறது.

நீங்கள் சிறுவயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். நின்ற பின்னும் உலகம் சுழல்வது ஏன்? உடல் நின்றுவிட்டது, குழலின் நீர் இன்னும் ஓடுகிறது. அவ்வேளையில் உங்கள் தோழன் உங்கள் கண்களை உற்றுநோக்கினால், விழிகள் ஒருபுறம் மெல்ல நகர்ந்து, மறுபுறம் வெடுக்கென்று திரும்புவதைக் காண்பான். இதனை விழிநடுக்கம் என்பர். உட்செவியை நாம் நேரே பார்க்க இயலாது. ஆனால் அதன் செய்தியைக் கண் வெளிப்படுத்திவிடுகிறது. சமநிலைச் சோதனைகள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

வியன்னா நகர மருத்துவர் ராபர்ட் பாரானி இதனை நன்கு ஆராய்ந்தார். நோயாளியின் காதைக் குளிர்ந்த நீரால் கழுவினால் விழிகள் ஒரு திசையிலும், வெந்நீரால் கழுவினால் எதிர்த்திசையிலும் துடிப்பதை அவர் கண்டார். வெப்ப மாறுதலால் குழலின் நீர் ஓட்டம் கொள்வதே காரணம் என விளக்கினார். 1914ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அச்செய்தி எட்டியபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்! பின்னர் 1942இல் பிட்ஸ்ஜெரால்டு, ஹால்பைக் என்போர் உடல் வெப்பத்துக்கு 7 பாகை குறைவாக 30, 7 பாகை மிகுதியாக 44 எனச் செல்சியஸ் அளவில் நீரின் வெப்பத்தை வரையறுத்து, அச்சோதனையை ஒழுங்குபடுத்தினர்.

ஆனால் எனக்கு வந்த நோய்க்கு வேறு சோதனை வேண்டும். அரைவட்டக் குழல்களை அடுத்துள்ள சிறு பையொன்றில், புவியீர்ப்பை உணர்வதற்குத் துணையாகச் சுண்ணாம்புச் சத்தாலான நுண்ணிய படிகங்கள் உள்ளன. முதுமையினாலோ, தலையில் அடிபடுவதாலோ, சிலவேளை காரணம் புலப்படாமலோ, அவற்றுட் சில கழன்று குழலுக்குள் புகுந்துவிடுகின்றன. ஆடிப்பெருக்கன்று காவிரியின் புதுவெள்ளத்தைச் செம்பில் முகந்து வைத்தால் மணல் அடியில் படிகிறது. செம்பைச் சாய்த்தால் மணலும் நகர்கிறது. அவ்வாறே தலையைச் சாய்க்கும்போது படிகங்கள் நகர்ந்து நீரையும் அசைக்கின்றன. தலை சுழல்கிறது என்னும் பொய்ச் செய்தி மூளைக்குச் செல்கிறது.

இதனைக் கண்டறியும் முறையை மார்கரெட் டிக்ஸ் என்னும் அம்மையாரும் முன்கூறிய ஹால்பைக்கும் 1952இல் லண்டனில் விளக்கமாக எழுதினர். என்னை மருத்துவர் கட்டிலில் அமர்த்தி, என் முகத்தை வலப்புறம் 45 பாகை திருப்பினார்; தலையைத் தம் கைகளில் தாங்கியபடி, கட்டிலின் விளிம்புக்குக் கீழே அது சற்றுத் தொங்குமாறு விரைந்து படுக்கவைத்தார். கண்களை மூடலாகாது என்றார். சில நொடிகள் ஒன்றுமில்லை. பின் சுழற்சி தொடங்கியது. அருகில் நின்ற என் பேத்தி, "தாத்தா, உங்கள் விழிகள் சுழன்று துடிக்கின்றன!" என்று வியந்தாள். மாதக்கணக்கில் பிறர் நம்பாத ஒன்றை அன்று அவள் கண்ணால் கண்டாள்.

தொடங்குவதற்குச் சில நொடிகள் ஆவதேன்? படிகங்கள் நகரத் தொடங்க நேரமாகிறது. ஒரு நிமிடத்துக்குள் அடங்குவதேன்? அவை அடியில் படிந்துவிடுகின்றன. மீண்டும் மீண்டும் செய்தால் துடிப்புக் குறைவதும் உண்டு. அவ்வாறன்றி, துடிப்பு உடனே தொடங்கி அடங்காது நீடித்தாலும், நேர்கீழாகவே அடித்தாலும் மூளையில் கோளாறு உண்டோ என்று மருத்துவர் ஆராய்வார்.

நோய் தெரிந்தால் மருந்தும் எளிதே. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி 1992இல் வெளியிட்ட முறைப்படி, தலையைப் படிப்படியாகத் திருப்பிப் படிகங்களை அவை கிளம்பிய பைக்கே மீட்டுவிடுகின்றனர். சில நிமிட வேலைதான். ஒரு முறையிலோ சில முறைகளிலோ பெரும்பாலோர் குணமடைகின்றனர். நோய் மீண்டும் வருவதும் உண்டு. வந்தால் மீண்டும் செய்யலாம். ஆயினும் கழுத்து நோயுடையோர்க்குத் தனி எச்சரிக்கை தேவை; மருத்துவர் சோதியாமல் எவரும் தாமே முயலலாகாது.

மாணவர்களே! தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி, பொருள் இரண்டாகத் தெரிதல், நடக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் நொடியும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். அவை இல்லாதபோதும், உங்கள் பாட்டியோ தாத்தாவோ "படுத்தால் உலகமே சுற்றுகிறது" என்றால் நகையாடாதீர்கள். எப்பொழுது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். அவ்விடைகளோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதியோர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் வருந்துவதிற் பயனில்லை. என் பேத்தி அன்று காட்டிய அக்கறையினாலேயே நான் இன்று மீண்டும் காவிரிப் படித்துறையில் இறங்குகிறேன்.