ஒற்றைத் தலைவலி: அசட்டை செய்யலாகாத சுகவீனம்



"டாக்டரம்மா, பாதித் தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்கு. வெளிச்சம் பட்டா ஆகல. வாந்தி எடுத்தாத்தான் கொஞ்சம் தேறும்." திசையன்விளைப் பக்கத்துக் கிராமங்களில் இப்படிச் சொல்லும் தாய்மார் அநேகர். பதநீர் காய்ச்சும் மாதங்களில் தேரி மணலின் வெயிலும் அடுப்புப் புகையும் அவர்களை இன்னும் வாட்டும். வீட்டிலோ, "வேலைக்குப் பயந்து படுத்துக்கிட்டா" என்ற ஏச்சு. கண்ணேறு என்பார் சிலர், பித்தம் என்பார் சிலர். ஆகவே மைக்ரேன் எனப்படும் இந்த நோயைப் பற்றி இங்கே விளக்க விரும்புகிறோம்.

இது என்ன நோய்?

இது மூளையும் நரம்பும் சம்பந்தப்பட்ட நோய். பெரும்பாலும் பரம்பரையாய் வருகிறது. முகத்துக்கும் தலைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு தூண்டப்பட்டு, வலி உண்டாக்கும் இரசாயனங்களைச் சுரக்கிறது. மருந்து எடுக்காவிட்டால் வலி 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு வலிக்கு முன்பு கண்ணில் மின்னல் கோடுகள் தோன்றும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பெங்களூரு நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வயது வந்தோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இந்நோய் இருந்தது தெரியவந்தது.

தூண்டுபவை எவை?

பசி, தூக்கக் குறைவு, கடும் வெயில், மாதவிடாய், கவலை, கடும் வாசனை ஆகியவை பலருக்குத் தலைவலியைத் தூண்டும். உபவாசத்துக்கோ முழு இரவு ஜெபத்துக்கோ போன மறுநாள் தலைவலி வந்தால், அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி வருந்த வேண்டாம். பட்டினியும் கண்விழிப்பும் செய்த வேலை அது. இப்படிப்பட்டவர்கள் தண்ணீரோ கஞ்சியோ குடித்துக்கொள்வதில் தவறில்லை. எந்த நாளில் வலி வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால், அவரவருக்கு எது ஆகாது என்பது இரண்டு மூன்று மாதத்தில் விளங்கும்.

மருந்து எடுப்பது எப்படி?

வலி தொடங்கியவுடனே எடுக்க வேண்டும். நோயின்போது இரைப்பை மந்தமாகிவிடுவதால், தாமதித்து விழுங்கும் மாத்திரை சரியாய் இரத்தத்தில் சேராது. பாரசிட்டமால், இபுபுரூஃபன் போன்றவை பலருக்குப் போதும். வாந்திக்குத் தனி மருந்து உண்டு. இவற்றுக்கு அடங்காவிட்டால் சுமாட்ரிப்டான் உதவும், ஆனால் இருதய நோயாளிகளுக்கு அது ஆகாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் எதையும் எடுக்கலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்டிக்கடையில் வாங்கும் வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் எடுத்து வந்தால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கும். வலி கூடக்கூட மாத்திரையும் கூடும், சிறுநீரகமும் வயிறும் கெடும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவரிடம் வாருங்கள். தலைவலி வராமலே தடுக்கும் ப்ரொப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் உண்டு. அவை விலை குறைந்தவை. பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். பத்து நாளில் நிறுத்திவிடுகிறவர்களே ஏமாந்துபோகிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ப்ரொப்ரனலால் கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியவர்கள்

திடீரென்று இடி விழுந்தாற்போல் வலித்தாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், கை கால் பலவீனமானாலும், பேச்சுக் குழறினாலும், தலையில் அடிபட்டபின் வலித்தாலும் தாமதிக்கக் கூடாது. 50 வயதுக்குமேல் முதன்முறையாக வரும் தலைவலியையும் சோதிக்க வேண்டும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை: வலியில் இருப்பவரை ஏசாமல், இருட்டான அறையில் சந்தடியின்றித் தூங்கவிடுங்கள். அன்று ஒரு நாள் அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் தெருவிலோ சபையிலோ இப்படி வருஷக்கணக்காய் மௌனமாய் வேதனைப்படுகிறவர் இருந்தால், இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.