லயத்து வீடு

1909இல் மலாயாவின் ஜொகூரில் ரயில் பாதை முடிந்ததும், ரெங்கம், குளுவாங் பக்கத்துக் காடுகளில் ரப்பர் வேகமாகப் பரவியது. பால் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்காகக் கட்டப்பட்டவைதான் லயங்கள்.

நீண்ட ஒரே கூரை; அதன் கீழ் வரிசையாகத் தடுத்த அறைகள். பலகைச் சுவர், மேலே அத்தாப்பு ஓலை, பின்னாளில் தகரம். தூண்களின் மேல் உயர்த்திக் கட்டியவையும் உண்டு. ஈரம் ஏறாது, கரையான் சட்டென்று தொற்றாது. அடியில் விறகு அடுக்கலாம், கோழி அடைக்கலாம். பழைய லயங்கள் பலவற்றில் தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது. வெக்கை மேலேறி வெளியேற அந்த இடைவெளி. பக்கத்து வீட்டுச் சண்டையும் அதே வழியாகத்தான் வந்து சேரும்!

குளிர்நாட்டு வீடு வேறு: அயர்லாந்து நாட்டுப்புறத்தில் முன்பு வீடே அடுப்பைச் சுற்றித்தான். இரவிலும் கங்கு அணையாமல் சாம்பல் மூடிக் காத்தார்கள், குளிர் அப்படி. இங்கே வெக்கை; அதனால் அடுப்பைப் பின்பக்கம் தள்ளினார்கள்.

லயத்தின் கடிகாரத்தை ஓட்டியது ரப்பர் மரம். பால்குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்கும், அழுத்தம் தளரும், பால் குறையும். அதனால்தான் இருட்டிலேயே அடுப்பு எரிந்தது, பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஆள் கூடியது. கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகைக்குப் போயின. பகலெல்லாம் பால் பிடிக்கும் மங்கும் வாளியும். என் பார்வையில் லயத்து அறை வீடே அல்ல, படுக்குமிடம். குடும்பம் நடந்தது அஞ்சடி என்ற முன்தாழ்வாரத்தில், பைப்படியில், மாரியம்மன் கோயில் திடலில்.

கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க 1948இல் அவசரகாலம் வந்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலி போட்டார்கள். கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குப் போய்விடும் என்று, வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போகவும் பல இடங்களில் தடை. கேட்டில் சோதனை நடந்தது.

தொழிலாளர் குடியிருப்புக்கு 1966இல் குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. 1990இல் அதை விரிவாக்கினார்கள். குழாய்நீர், மின்சாரம், கல்வீடு என்று நிலைமை மாறியது. மாறாதது ஒன்று: வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வுபெற்றவர், வேலையில் தொடரும் பிள்ளை இல்லையென்றால், சாவியைத் திருப்பித் தரவேண்டும். தலைமுறைகள் வாழ்ந்த இடத்தில் ஒரு சாண் மண்ணும் அவர் பெயரில் இராது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது பல குடும்பங்கள் குளுவாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் நகர்ந்தன. தோட்டக் குடியிருப்புகள் பலவற்றில் இன்று இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள்.